மூன்றாம் நகல்

பன்சோடான் தெருவில்
காலையிலிருந்து சாரல் அடிக்கிறது.
தார்ப்பாய்க்குக் கீழே நான்,
பர்மிய எழுத்து டைப் மிஷின்,
பக்கத்து மேசையில் கோ தூரேய்ன்.
போர் அடிக்குது என்றேன் தமிழில்.
யார், யாரை? என்றான்.
அரைகுறையாகப் புரியும் அவனுக்கு.

ஒரு டீக்குப் பந்தயம் கட்டினேன்.
எங்கள் பாஷைக்கு ஒரே ஒரு வினைச்சொல் போதும் தம்பி,
மிச்சத்தை முன்னால் வருகிற சொல் பார்த்துக்கொள்ளும்.
தண்ணி அடிப்பது குழாயடியிலும் நடக்கும்
முப்பத்தேழாம் தெருக் கடையிலும் நடக்கும்,
இரண்டுக்கும் வரிசை உண்டு.
சைட் அடித்தால் யாருக்கும் காயமில்லை
அவளுடைய அண்ணன் பார்க்காதவரை.
காப்பி அடித்துப் பாஸானவன்
ஜால்ரா அடித்து மேலே போவான்,
மேலே போனவன் பல்டி அடித்து
இன்னும் மேலே.
மழை விட்டால் மீன் வண்டி கப்படிக்கும்.
என் மச்சான் கல்யாணத்தில்
நாலு தட்டு பிரியாணி அடித்தேன், அது தனிக் கதை.

தூரேய்ன் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான்.
இவ்வளவு அடித்தும்
உங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களே!

உங்கள் ஆட்கள் மட்டும் என்னவாம்?
போட்டோ எடுத்தால் யைக்,
சினிமா எடுத்தால் யைக்,
நாம் இரண்டு பேரும் குந்திப் பிழைக்கிற
இந்த டைப்புக்கும் யைக் தானே,
எழுத்தை அடிப்பது!
டீ வந்தது. தோற்றது யாரென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள்.
பஸுண்டவுங் பெண். பெயர் செங்கமலம்,
அட்டையில் மா கின் ச்சோ.
அவளுடைய தமிழ் அடுப்படி தாண்டியதில்லை போல;
இரண்டு வார்த்தை திக்கிவிட்டு
பர்மிய மொழிக்கு மாறினாள்.
தூ சமா கோ யைக்தெ.
அவர் என்னை யைக்.

டீயின் உற்சாகம் இன்னும் நாக்கில் இருந்தது எனக்கு.
போட்டோவா, வீடியோவா? என்று கேட்டேன்.
தூரேய்ன் சிரித்துவிட்டான்.

அவள் குடையை மடக்கினாள்.
இடது கையால் மட்டும்.
நேரமானது.

தாள், கார்பன், தாள், கார்பன், தாள்.
வார்டு ஆபீசுக்கு ஒன்று
ஸ்டேஷனுக்கு ஒன்று
அவளுக்கு ஒன்று.
பெயர். அப்பா பெயர். வீட்டு எண்.
எதனால்?
குக்கர் மூடி.
எத்தனை தடவை?
தினமும்.
அந்தச் சொல்லையும் அடித்தேன்.

அதை அடிச்சிடுங்க, என்றாள்
இந்தத் தடவை தெளிவான தமிழில்.
எதை?
தினமும்கிறதை.
பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்,
இந்த மேசையில் பலரைப் பார்த்தவன் நான்.
அவள் சொன்னாள்:
ஞாயித்துக்கிழமை அவங்க சர்ச்சுக்குப் போவாங்க.
அன்னிக்கு இல்லை.
பொய் எழுதக் கூடாது.

அடித்தல் திருத்தல் இருந்தால்
ஆபீசில் வாங்க மாட்டார்கள்.
மூன்று தாளையும் உருவிக் கசக்கினேன்.
மறுபடி பெயர். அப்பா பெயர்.
ஞாயிறு நீங்கலாக, என்று போட்டேன்.

இரண்டாவது வரியில்தான் கவனித்தேன்.
கட்டை விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும்
அவள் தோள் ஒரு நூல் ஏறி இறங்குகிறது.
விரலைத் தளர்த்தினேன்,
பஞ்சைத் தொடுவதுபோலத் தொட்டேன்.
முதல் தாளில் விழுந்தது.
இரண்டாவதில் நிழல்.
மூன்றாவதை விலக்கிப் பார்த்தால் வெள்ளை.
மூன்றாவது அவளுடையது.

தூரேய்ன் நோட்டை மூடி
டிராயரில் வைத்திருந்தான்.
காதைப் பொத்திக்கம்மா, என்றேன்,
கொஞ்சம் ஓங்கித்தான் அடிக்கணும்.

பொத்தவில்லை.
மேசை விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு
அடிங்க, என்றாள்.